நிரலாளரின் கணிப்பொறிக்குக் காவல்

வைரஸ் தடுப்பு மென்பொருளைத் தேரும் நிரலாளர்க்குத் தனியானதோர் இடர்ப்பாடு உண்டு. அவர் நாள்தோறும் ஆக்கும் நிரல்கள் எவரும் முன்பு கண்டிராதவை. அறிமுகமற்றதை ஐயுறுதல் காவல் மென்பொருளின் இயல்பாதலின், அவர்தம் சொந்தப் படைப்பே சிறைப்படுவதுண்டு. கோப்புதோறும் சோதனை நிகழ்வதால், கம்பைலர் எனும் தொகுப்பியின் வேலையும் மந்தமாகும். சினந்து, காவலையே நிறுத்திவிடுவாரும் உளர்.

அது தகாது என்போம். 2009ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட இண்டக் என்னும் வைரஸ், டெல்ஃபி மொழியின் நூலகக் கோப்பொன்றில் புகுந்துகொண்டது. அதன்பின் அக்கணிப்பொறியில் தொகுக்கப்பெற்ற நிரல் ஒவ்வொன்றும், ஆக்கியோர் அறியாமலே, அந்நோயைச் சுமந்து சென்றது. பெற்றவர்கள் ஆக்கியோரை நம்பியன்றோ பெற்றார்கள்!

ஆகவே, குறித்த கோப்புறையை மட்டும் சோதனையினின்று விலக்க இடந்தரும் மென்பொருளையே தேர்தல் வேண்டும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுடன் வரும் டிஃபெண்டரிலேயே இவ்வசதி உண்டு; பணம் செலவிடுமுன் இதனை எண்ணுக. விலக்கு, பணி நடக்கும் கோப்புறைக்கு மட்டுமே. தொகுப்பிக்கும் நூலகங்களுக்கும் ஆகாது. முடிந்த நிரலைப் பிறர்க்கு அளிக்குமுன் சோதித்தாக வேண்டும்.

ஃபயர்வால், உள்வரும் இணைப்போடு வெளிச்செல்லும் இணைப்பையும் நிரல்வாரியாக வினவி விடுப்பதாயின் நன்று. சோதனைக்கென இயக்கும் சர்வரை 127.0.0.1 என்னும் முகவரியில் மட்டும் இயக்கினால், அடுத்த மேசைக் கணிப்பொறியும் அதனை நேரே அணுக இயலாது.