கழுகைத் தேடி ஒரு ஞாயிறு

திருக்கழுக்குன்றத்தில் கழுகுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைப்பதைச் சிறுவயதில் பார்த்த தமிழர்கள் பெங்களூரிலும் உண்டு. 1990-களில் அங்கே கழுகு வருவது நின்று போயிற்று. அந்த இனத்தைப் பார்க்க மைசூர் ரயிலேறி, சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள ராமநகரத்தில் இறங்கினால் போதும். 'ஷோலே' படம் எடுத்த பாறைப் பிரதேசம். இங்குள்ள ராமதேவர் பெட்டா 2012-ல் கழுகுச் சரணாலயமாயிற்று.

அண்மையில் ஒரு ஞாயிறன்று நண்பர்கள் நால்வர் கட்டுச்சோற்றுடன் புறப்பட்டனர். வழியெல்லாம் ஆவாரையும் ஈச்சம் புதரும். வானத்திலோ நெடுநேரம் பருந்துகள்தாம். நண்பகலில் மஞ்சள் முகமும் வெண்ணிற உடலுமாக ஒன்று பாறையை விட்டு எழும்பியது. "நம்ம திருக்கழுக்குன்றத்துச் சாமி!" என்று கைகூப்பினார் ஒருவர்.

நீண்ட அலகுடைய பெரிய கழுகு மட்டும் கடைசிவரை தென்படவில்லை. மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோபினாக் ஊசிதான் அவ்வினத்தைப் பெருமளவில் அழித்தது. செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டது. 2006-ல் கால்நடைக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. ஆனால் ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை. மீண்டும் பெருக வெகுகாலமாகும்.

போகிறவர்கள் பாறையருகே கூச்சல் போடாதிருந்தால், அதுவே பெரிய உபகாரம்.