நிழலை அளத்தல்: இருதய நாடிப் படங்களும் கணனியும்

இருதயத் தசைக்குக் குருதி வழங்கும் முடியுருநாடிகளைச் சாதாரண எக்ஸ்றே படம் தெளிவாகக் காட்டுவதில்லை. மெல்லிய குழாயொன்றை அந்நாடிகளின் வாயில்வரை செலுத்தி, அயடீன் கொண்ட சாயத்தைப் பாய்ச்சும்போதே அவற்றின் உட்பாதை கருநிழலாகத் தோன்றும். 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லன்ட் நகரில், மேசன் சோன்ஸ் என்ற வைத்தியர் செய்த பரிசோதனையொன்றில் சாயம் தற்செயலாக வலது முடியுருநாடியினுட் புகுந்தது. அவ்விபத்தே பின்னர் ஒரு முறையாக வளர்ந்தது.

படம் கிடைத்தது, அதனை வாசிப்பதிலேயே சிக்கல் எழுந்தது. நாடி எத்துணை ஒடுங்கியுள்ளது என்பதை வைத்தியர்கள் கண்ணால் மதிப்பிட்டனர். ஒரே ஏட்டுச்சுவடியை வாசிக்கும் பதிப்பாசிரியர் இருவர் வெவ்வேறு பாடங்கொள்வதை நாம் அறிவோம். 1976இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, அனுபவமிக்க வைத்தியர்களும் ஒரே படத்தைப் பற்றி முரண்படுவதைக் காட்டியது. சத்திரசிகிச்சை வேண்டுமா என்ற முடிவு இவ்வாசிப்பிலே தங்கியிருந்தமையால், இங்கு பாடபேதம் உயிர்ப் பிரச்சினையாயிற்று.

இம்முரண்பாட்டைக் குறைக்கவே கணனி துணைக்கழைக்கப்பட்டது. 1977இல் சியாற்றில் நகரில் கிரெக் பிரௌன் குழுவினர், இரு கோணப் படங்களில் நாடியின் விளிம்புகளைக் கையால் வரைந்து கணனிக்கு வழங்கினர். 1980களில் நெதர்லாந்தின் றொட்டர்டாம் நகரில் றைபர் குழுவினர், விளிம்பு காணும் பணியையே கணனியிடம் ஒப்படைத்தனர். நாடிக்குக் குறுக்கே செல்லும் கோட்டில் ஒளிச்செறிவு விரைந்து மாறும் இடத்தைக் கணனி விளிம்பெனக் கொள்ளும். படத்தில் தெரியும் செலுத்துகுழாயின் தடிப்பு, எடுத்துக்காட்டாக 2 மில்லிமீற்றர், முன்னரே தெரிந்ததாதலின் அதுவே அளவுகோலாகும். 3 மில்லிமீற்றர் விட்டமுள்ள நாடி ஓரிடத்தில் 1.5 மில்லிமீற்றராயின், விட்டத்தில் 50 சதவீத ஒடுக்கம். வட்டமான பாதையாயின் பரப்பில் அது 75 சதவீதமாகும்.

எனினும், துல்லியம் வேறு, உண்மை வேறு. படம் காட்டுவது குருதி செல்லும் பாதையையேயன்றி நாடியின் சுவரையன்று. சுவரில் கொழுப்புப் படிவு வளருங்கால் நாடி வெளிப்புறமாக விரிந்து, பாதையை நெடுங்காலம் காத்துக்கொள்வதை 1987இல் கிளகோவ் குழுவினர் எடுத்துக்காட்டினர். அந்நிலையில் நோயுண்டு, நிழலில் ஒடுக்கமில்லை. மேலும், ஒப்பிடுதற்குக் கொள்ளும் 'நலமான' பகுதியே நோயுற்றிருப்பின், கணக்கு நோயைக் குறைத்தே கூறும். எது நலம் என்ற அளவுகோலிலேயே பிழை புகுந்துவிடுகின்றது.

இன்று நரம்பு வலையமைப்பு எனப்படும் கணனி முறைகள் நாடிக்கிளைகளைத் தாமே பிரித்தறிகின்றன. இதனால் மனித உழைப்பு நீங்கிவிட்டது எனக் கருதுவது தோற்றமயக்கமே. அம்முறைகள் பெரும்பாலும், பயிற்சிபெற்றோர் ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் குறித்து உருவாக்கிய படங்களிலிருந்தே கற்கின்றன. இயந்திரம் கடந்தகால உழைப்பின் திரட்சி என்ற மார்க்சின் கருத்து இங்கு நேரடியாகவே பொருந்துகின்றது. குறித்தவர்களின் திறன் மட்டுமன்றி, அவர்தம் தவறுகளும், அவர்கள் காணாது விட்ட நோயாளர் வகைகளும் அத்திரட்சியுள் உறைந்துள்ளன.

ஆகவே கணனியை ஏற்பதா மறுப்பதா என்பதன்று வினா. எவருடைய படங்களிலிருந்து அது கற்றது, எதனை நலமெனக் கொண்டது என்பனவே வினாக்கள். இவற்றைக் கேட்கும் வாசகனிடத்தேதான் அளவு அறிவாகின்றது.