காய்ந்த நெல், ஊறிய சோறு

ஐப்பசி மழை இறங்கும் வேளையில் காவிரி டெல்டாவில் குறுவை அறுவடை நடந்துகொண்டிருக்கும். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைச் சாலையோரங்களில் தார்ப்பாய் விரித்து நெல்லைக் கிளறிக்கொண்டிருக்கும் விவசாயிகளை எங்கும் பார்க்கலாம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மழை வலுத்த ஆண்டுகளில் மத்திய அரசு இந்த வரம்பைத் தளர்த்துவதுண்டு. இதை விவசாயியின் விலைப் பிரச்சினையாகவே பேசுகிறோம். சோறு உண்ணும் எல்லோருடைய உடல்நலமும் இதில் அடங்கியிருக்கிறது.

ஈர நெல்லைக் குவித்தால் உள்ளே சூடேறும், முளைவிடும், பூஞ்சை பிடிக்கும். அப்படிப் பிடிக்கும் பூஞ்சைகளில் ஒன்றான ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் சுரக்கும் அஃப்ளடாக்சின், கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கவல்ல நஞ்சு. சமைத்தாலும் முழுதாக அழியாது. தானியத்தில் இது கிலோவுக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி.

அறுவடைக் கால மழையில் நெல் பாழானதால்தான் 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஒரு நெல் ஆய்வகம் தொடங்கியது. அதன் வளர்ச்சியே இன்று தஞ்சை புதுக்கோட்டை சாலையில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான 'நிஃப்டெம்'.

பானைக்குள் நடப்பது

கொதியிலும் சாகாத நுண்ணுயிரி ஒன்று அரிசியோடு வருகிறது. பேசில்லஸ் சீரியஸ் என்பது அதன் பெயர். வடித்த சோறு வெதுவெதுப்பாகவே பல மணி நேரம் கிடந்தால் அதன் வித்துகள் விழித்துப் பெருகும். அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு, சோற்றை மறுபடி சூடாக்கினாலும் போகாது. பந்திச் சோறானாலும் வீட்டுச் சோறானாலும் 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். இல்லையேல் சீக்கிரம் ஆற்றிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

பழைய சோறு வேறு வழியில் காக்கப்படுகிறது. நீரில் ஊறும் சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பேற்றுகின்றன. அந்தப் புளிப்பில் கெடுதல் செய்யும் கிருமிகள் பல தலையெடுக்க முடிவதில்லை. ஆனால் சோறு ஆறியதும் தாமதிக்காமல் நீர் ஊற்ற வேண்டும். கொதித்து ஆறிய நீர், சுத்தமான பாத்திரம், காலையிலேயே உண்டு முடிப்பது ஆகிய மூன்றும் அவசியம். கொழகொழத்தாலோ நாற்றமடித்தாலோ கொட்டிவிட வேண்டும்.

நார் எங்கே போனது?

ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காததாக மாறி, நார்ச்சத்தைப் போலக் குடலின் நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. நார்ச்சத்துக்கு இது மட்டும் போதாது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் கைக்குத்தல் வகை அரிசியில் 4.43 கிராம் நார்ச்சத்து உண்டு, புழுங்கலரிசியில் 3.74, தீட்டிய பச்சரிசியில் 2.81. மாப்பிள்ளைச் சம்பாவே ஆனாலும் வெள்ளையாகத் தீட்டினால் தவிட்டோடு நாரும் போய்விடும்.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து தேவை என்கிறது உலக சுகாதார அமைப்பு. சோற்றை மட்டும் நம்பி அதை எட்ட முடியாது. சம்பா அறுத்த ஈரத்திலேயே விளையும் டெல்டாவின் உளுந்தும் பச்சைப்பயறும், ஆற்றுப்படுகையின் வாழைப்பூவும் தண்டும், கீரையும் தட்டில் பாதியை நிரப்பட்டும்.

கொள்முதல் நிலையந்தோறும் உலர்த்தும் இயந்திரமும் கூரையிட்ட களமும் அமைக்க அரசு செலவிட வேண்டும். அது விவசாயிக்கான சலுகை அல்ல. ரேஷன் அரிசியில் உலை வைக்கும் ஒவ்வொரு வீட்டுக்குமான உணவுப் பாதுகாப்பு.