உங்களுக்குத் தெரியுமா? மலையேறும் பழைய ஜீப்

● பொட்டிபுரம், போடி பக்கம் விடிகாலையில் ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகளின் மூதாதை, இரண்டாம் உலகப் போரில் ஓடிய அமெரிக்க வில்லிஸ். அதை இந்தியாவில் உரிமம் பெற்றுத் தயாரித்தது மஹிந்திரா.

● போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். அது தார்ச்சாலை, தோட்டத்துக்குள் சேறும் கல்லும்தான். அங்கே கைகொடுப்பவை, பழைய வில்லிஸில் கியர் தண்டின் பக்கத்தில் நிற்கும் இரண்டு குட்டித் தண்டுகள். ஒன்று முன்சக்கரங்களுக்கும் இழுவை தரும். மற்றது ‘லோ’வில் விழுந்தால் வேகம் குறைந்து, இழுவிசை சுமார் இரண்டரை மடங்காகும்.

● 1953-இல் வந்த வில்லிஸ் சிஜே-3பி மாடலை பானெட்டை வைத்தே அடையாளம் காணலாம். புதிய ஹரிக்கேன் இன்ஜின் பழையதைவிட உயரம் என்பதால் பானெட்டும் உயர்ந்தது.

● பழைய வண்டியில் இன்ஜினை மாற்றி, பாடியை வெட்டி வேகம் கூட்டுவது அமெரிக்க ‘ஹாட் ராட்’ பாணி. இந்தியாவிலோ, 2021-இல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டிய, சேஸி, பாடி, இன்ஜின் மாறாத வண்டிக்கே ‘விண்டேஜ்’ பதிவு. நம்பர் பிளேட்டில் ‘விஏ’ எழுத்துகள் வரும். புதிய பதிவுக்கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் அந்த வண்டியை வாடகைக்கோ தினசரிப் பயன்பாட்டுக்கோ ஓட்டக்கூடாது.

● பழைய ஜீப் வாங்கப் போகிறீர்களா? பெயின்ட் பளபளப்பில் மயங்காமல், இன்ஜின் எண்ணையும் சேஸி எண்ணையும் முதலில் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.