உங்களுக்குத் தெரியுமா? காது இரைவதும் மாத்திரையைச் சட்டென நிறுத்தியதால் இருக்கலாம்!

பதற்றத்துக்கான அல்பிரசோலம், லோராசெபம் மாத்திரைகளைப் பல மாதம் சாப்பிட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பே வரக்கூடும்!

• அப்படி நிறுத்தியதும் வரும் நடுக்கம், வியர்வை, படபடப்பு, தசை இறுக்கம், காதில் இரைச்சல்... எதுவும் கற்பனை அல்ல. மூளையை அமைதிப்படுத்தும் 'காபா' என்ற வேதிப்பொருளுக்கு மாத்திரை துணை நின்றது. அது சட்டென விலகியதும் நரம்புகள் கட்டுக்கடங்காமல் துடிக்கின்றன.

• இங்கிலாந்தின் நியூகாசிலில் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை இத்தகைய மாத்திரைகளை விடுவதற்கென்றே சிகிச்சைப் பிரிவு நடத்தினார். உடலைவிட்டு மெல்ல வெளியேறும் டயசெபத்துக்கு மாற்றி, சிறுகச் சிறுகக் குறைப்பது அவர் வழி. மாதக்கணக்கில் ஆகும்; ஆகட்டும்.

• மிதமான நடை, வெந்நீர்க் குளியல், நிதானமான மூச்சு உடம்பைத் தளர்த்தும். காபி படபடப்பைக் கூட்டும்.

மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நீங்களாக நிறுத்தாதீர்கள்.