சபை வாழ்வு – 9: பந்தியில் எழுந்த முறுமுறுப்பு

ஆதித் திருச்சபையில் எழுந்த முறுமுறுப்பு ஒன்று சாப்பாட்டு விஷயத்தில்தான் தொடங்கியது. அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேம் சபையில் விதவைகளை அன்றாடம் விசாரிக்கும்போது, கிரேக்க மொழி பேசிய யூத விதவைகள் விடுபட்டுப்போனார்கள். புகார் அப்போஸ்தலர் காதுக்கு வந்தது.

அவர்கள் முறுமுறுத்தவர்களின் வாயை அடைக்கவில்லை. பந்தி விசாரிப்பைத் தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளவும் இல்லை. சபையாரைக் கூட்டி, நற்சாட்சி பெற்ற ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். அப்படியானால், யார் குறைப்பட்டார்களோ அவர்கள் ஆட்களிடமே பொறுப்பு போயிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் திருநெல்வேலிச் சீமையில் இதே சண்டை சபை விருந்தான அசனத்தின் கணக்கில் வரும். வசூல் எவ்வளவு, ஆட்டுக்கு என்ன விலை கொடுத்தார்கள், மிஞ்சிய அரிசி எங்கே போனது? வாசலில் கிசுகிசுவாகத் தொடங்கும் பேச்சு, சேகரக் கமிட்டித் தேர்தல் நெருங்கும்போது கட்சியாகிவிடும். அப்புறம் ஒரே ஆலயத்துக்குள் வலப்பக்கம் உட்காருகிறவர் இடப்பக்கத்தாரிடம் பேசமாட்டார்.

நானறிந்த ஒரு சேகரத்து ஐயர் இப்படிப்பட்ட நேரத்தில் பிரசங்க பீடத்திலிருந்து சாடை பேசவே மாட்டார். பதில் சொல்ல முடியாத இடத்தில் ஒருவரை உட்காரவைத்துக் குத்துவது மேய்ப்பன் வேலையில்லை என்பார். ஒரே சாயங்காலத்தில் இரண்டு வீட்டுக்கும் போய், இரண்டிலும் காப்பி குடிப்பார். முதலில் போன வீட்டுக்காரர் மூச்சுவிடாமல் பேசி முடித்ததும், “எல்லாம் கேட்டாச்சு அண்ணாச்சி. அவரு பக்கத்துல இருக்கும்போதும் இதையே சொல்லுவீங்களா?” என்று கேட்பார். பாதிக் குற்றச்சாட்டு அங்கேயே உதிர்ந்துவிடும். மீதியை ஆலய வராந்தாவில், இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, ரசீதுகளை விரித்துப்போட்டுப் பார்ப்பார். அடுத்த அசனத்துக்குக் கணக்கு நோட்டு குறை சொன்னவர் கைக்குப் போகும்.

தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவானது. அது 1950-இல் கொண்டுவந்த திருவிருந்து ஆராதனை முறையில் சமாதானம் பகிரும் வழக்கத்தை மீட்டெடுத்தது. ஒருவர் வலது உள்ளங்கையை மற்றவர் வலது உள்ளங்கையோடு சேர்த்து, இடது கையால் பொத்திக்கொள்வது அந்த முறை. வராந்தாவில் பேசித் தீர்க்காதவர்கள் பந்திக்கு முன் கைகளைப் பொத்திக்கொண்டால் அது வெறும் சடங்கு. அதனால்தான் அந்த ஐயர் திருவிருந்து ஞாயிற்றுக்கு முந்தின வாரமே வீடு வீடாக நடப்பார்.

எல்லாப் பூசலையும் இப்படித் தீர்க்கக் கூடாது. பெண்ணிடமோ குழந்தையிடமோ அத்துமீறல் நடந்திருந்தால் அது போலீசுக்குப் போக வேண்டிய வழக்கு. “சபையின் பெயர் கெட்டுவிடும்” என்று மூடிவைக்கும் போதகர் குற்றத்துக்குத் துணைபோகிறார். சாதி விஷயமும் அப்படியே. வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்து நின்ற தடுப்பை அருட்தந்தை கௌசானல் 1910-இல் அகற்றினார். வெள்ளாளர் தரப்பு வழக்குப் போட்டது, உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. ஊர் கொந்தளித்தது உண்மைதான். அதற்காக அந்தத் தடுப்பைப் பாதி உயரத்துக்குக் குறைத்து ‘சமரசம்’ செய்திருக்க முடியுமா?

இன்னொன்றும் உண்டு. ஐயர்மார் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார்கள், சபையார் அங்கேயே இருப்பார்கள். வாய்வார்த்தையாகத் தீர்த்த தகராறு, புது ஐயர் வந்த முதல் மாதமே அவர் காதில் வேறு கதையாக விழும். ஆகவே ஒத்துக்கொண்டதைக் கமிட்டித் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

(தொடரும்)