ஆளமர்த்தும் ஆட்டம்

விளையாட்டைப் பற்றித் தமிழாசிரியர் எழுதுவதா என்று இம்மலரைப் புரட்டும் பழைய மாணவர் சிலர் புன்னகை புரிதல் கூடும். மேசைக்கடியிற் புள்ளடியும் வட்டமும் போட்டு விளையாடியோரைப் பிடித்து வகுப்புக்கு வெளியே நிறுத்திய கை இதுவே என்பதை யாமும் மறந்திலேம். ஆயினும், ஒரு விளையாட்டு எமக்கே பாடம் கற்பித்திருக்க, அதனைக் கூறாது விடுதல் நன்றன்று.

பிறநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த பழைய மாணவர் ஒருவர், ஒரு பெரிய அட்டைப் பெட்டியை மாணவர்க்கெனக் கொணர்ந்து தந்தார். அதனுள் இருந்தது 'சோல்கின்' என்னும் பலகை விளையாட்டு. சிமோனே லூச்சியானி, தானியேலே தாஷினி என்னும் இத்தாலியர் இருவர் ஆக்க, 2012ஆம் ஆண்டிற் செக் நாட்டு நிறுவனமொன்று வெளியிட்டது. மத்திய அமெரிக்காவிற் பண்டு சிறந்திருந்த மாயா மக்களின் நாகரிகமே அதன் களம். பெட்டியைத் திறந்த மாணவர், விதிகளைத் தமிழில் எழுதித்தருமாறு எம்மிடம் வந்தனர். இவ்வகை ஆட்டத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயருக்கு நேரான தமிழ்ச் சொல் யாது என்பதே முதல் வினா. 'ஆள் போடுதல்' என்றான் ஒருவன். அடியாள் ஏவுவது போலத் தோன்றுகிறதே என்று மற்றவன் நகைத்தான். முடிவில் 'ஆளமர்த்தல்' என்று வைத்தோம்.

ஆளமர்த்தல் என்பது யாது? சதுரங்கத்திலே காய்கள் ஒன்றையொன்று வெட்டும். தாயத்திலே கட்டை உருண்டபடி காய் ஓடும். இவ்வாட்டத்திலோ வெட்டுதலும் இல்லை, உருட்டுதலும் இல்லை. ஒவ்வொருவர் கையிலும் சில மரக்காய்கள் உள. அவை வேலையாட்கள். பலகையிலே விளைத்தல், மரந்தறித்தல், கல்லெடுத்தல், கட்டுதல் முதலிய தொழில்களுக்கு இடங்கள் உள. ஓர் இடத்தில் ஓர் ஆளே நிற்கலாம். நான் முந்தி அமர்த்தினால் அவ்விடம் உனக்கில்லை. ஆகவே, வேண்டிய தொழிலை வேண்டிய வேளையிற் பற்றுவதே போட்டி. இம்முறையைக் கையாளும் ஆட்டங்கள் 1998ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவில் தோன்றி, 2005இல் வெளிவந்த 'கைலஸ்' என்னும் ஆட்டத்தின் பின் பெரிதும் பரவின.

சோல்கினின் புதுமை அதன் சக்கரங்கள். நடுவே 26 பற்களையுடைய பெருஞ்சக்கரம். அதனோடு பற்பொருந்தி, மாயா நகரங்களின் பெயர் தாங்கிய ஐந்து சிறு சக்கரங்கள். ஆட்கள் நிற்பது இச்சிறு சக்கரங்களின் பற்களிடையே. ஒரு சுற்று முடியப் பெருஞ்சக்கரம் ஒரு பல் நகரும். சிறு சக்கரங்கள் யாவும் உடன் நகரும். ஆட்களும் அடுத்த தொழிலுக்குச் செல்வர். பொறுத்திருந்தால் மேலான பயன் கிட்டும். பொறுக்கலாற்றாதவன் சிறு பயனோடு ஆளைத் திரும்ப எடுப்பான். ஒரு முறையில் அமர்த்தலாம், அல்லது எடுக்கலாம், இரண்டையும் செய்தலாகாது. மாயா மக்கள் 13 எண்களையும் 20 நாட்பெயர்களையும் பிணைத்து 260 நாட்கொண்ட வட்டமொன்றை வகுத்திருந்தனர். அவ்வட்டத்தின் பெயரே ஆட்டத்தின் பெயர். கிழமை ஏழையும் நாண்மீன் இருபத்தேழையும் ஒருங்கே பார்த்து நாள் குறிக்கும் நமக்கு இஃது அந்நியமான கணக்கன்று.

பொருள் யாது? சோளம். ஒருமுறையில் ஓராளை அமர்த்தக் கூடுதற் செலவு இல்லை. இருவரை அமர்த்தின் ஒரு சோளம், மூவராயின் மூன்று, நால்வராயின் ஆறு என அது வளரும். நிற்கும் இடத்துக்கும் விலையுண்டு. ஆட்டத்தின்போது நான்கு முறை உணவு நாள் வரும். அன்று ஓராளுக்கு இரண்டு சோளம் அளிக்கவேண்டும். அளியாவிடின் ஒவ்வோர் ஆளுக்கும் மூன்று புள்ளி இழப்பு. தொடக்கத்தில் மூன்று ஆட்களை உடையவன் ஆறு பேர் வரை பெருக்கலாம். ஆனால் ஆள் பெருகின் அடுப்பும் பெருகும் என்பதை இரண்டாம் உணவு நாளிலே தெளிவாக அறிவான்.

நம் முன்னோர்க்கு இத்தகைய ஆட்டம் இல்லையோ எனின், இதன் வித்து ஆடுபுலி ஆட்டத்திலே உண்டு. 23 புள்ளிகள் கொண்ட கோலத்தில் மூன்று புலிகள். எதிரே 15 ஆடுகள். ஆட்டுக்காரன் முதலில் ஒரு முறைக்கு ஓர் ஆடாக இறக்குவான். பதினைந்தும் இறங்கும்வரை ஓர் ஆட்டையேனும் நகர்த்தலாகாது. புலியோ அதற்குள்ளேயே தாவி வெட்டத் தொடங்கும். ஆதலின் எவ்விடத்தில் எப்போது வைப்பது என்பதிலேயே வெற்றியும் தோல்வியும் தங்கியுள. தனி ஆடு புலிக்கு இரை. பின்னே துணை நிற்கும் ஆட்டைப் புலி தாண்ட இயலாது. ஒன்றையொன்று காத்து நின்று, புலி அசைய இடமின்றி அடைத்தலே ஆடுகளின் வெற்றி. கீழடி அகழாய்விற் கிடைத்த சுடுமண் ஆட்டக் காய்கள், பலகை விளையாட்டு தமிழ் நிலத்திலே எத்துணைப் பழமையானது என்பதைக் காட்டுகின்றன. இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்திற் பணியாற்றிய ஹென்றி பார்க்கர் என்பார், 1909இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய தம் நூலிலே, குளங்களை ஆராய்ந்த அதே கருத்தோடு இந்நாட்டு விளையாட்டுக்களையும் ஆராய்ந்துள்ளார்.

இனி, எம்மை உறுத்திய செய்திக்கு வருவோம். ஒருநாட் பிற்பகல் மாணவர் நால்வர் ஆடிக்கொண்டிருந்தனர். உணவு நாள் நெருங்கியது. கெட்டிக்காரனான ஒருவனிடம் சோளம் குறைவு. அவன் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "சேர், ஒரு ஆளைப் பட்டினி போட்டால் மூன்று புள்ளிதானே போகும், இந்தச் சோளத்தை வைத்துக் கட்டடம் கட்டினால் அதைவிடக் கூட வரும்" என்றான். கணக்கு முற்றிலும் சரி. ஆட்டத்திலும் அவனே வென்றான். யாமோ வீடு செல்லும் வழியெல்லாம் அவ்வொரு சொல்லையே எண்ணிச் சென்றோம்.

ஏனெனில், அது சிறுவன் புதிதாகக் கண்ட கணக்கன்று. பழைய அரசுகள் யாவும் போட்ட கணக்கு. தாதுசேனன் கட்டிய கலாவெவவும், 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் சமுத்திரமும் மன்னர் பெயராலே வழங்குகின்றன. மண் சுமந்தோர் பெயர் ஒன்றேனும் நம் பாடநூலில் இல்லை. நிலத்துக்கு ஈடாக உழைப்பை இறுக்கும் அரசகாரிய முறை இந்நாட்டில் நெடுங்காலம் நிலவிற்று. சோழர் கல்வெட்டுக்களிலே 'வெட்டி' என்னும் சொல் ஊதியமின்றிச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பைக் குறிக்கும். இன்று 'வெட்டி வேலை' என்று நாம் பயனற்ற செயலை இகழ்வது அதன் எச்சம் என்பர். கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் விதப்புரைகளின் வழி 1832இல் அரசகாரியம் ஒழிந்தது. ஒழிந்தது நன்றே. ஆயினும், ஊரார் கூடிக் குளந்திருத்தும் வழக்கமும் அதனோடு தளர்ந்தமையால், அவ்வழக்கத்தை மீண்டும் நிலைநிறுத்த 1856இல் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டமொன்று இயற்ற நேர்ந்தது. கூடி உழைத்தல் வேறு, பிடித்து உழைப்பித்தல் வேறு. இரண்டையும் பிரித்தறியாது ஒழித்தாலும் கேடு. பிரித்தறியாது போற்றினாலும் கேடு.

மறுநாள் இலக்கிய வகுப்பு. பாடத்தை ஒதுக்கிவிட்டு, பிட்டுக்கு மண்சுமந்த திருவிளையாடலைக் கூறினோம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் உள்ள அக்கதை யாவரும் அறிந்ததே. வையை பெருகிக் கரை உடைகிறது. வீட்டுக்கு ஓராள் வரவேண்டும் என்பது பாண்டியன் ஆணை. ஒவ்வொரு குடிக்கும் கரையிலே ஒரு பங்கு அளந்து விடப்படுகிறது. பிட்டு விற்கும் வந்திக் கிழவிக்கோ ஆளில்லை. கூலியாளாய் வந்த இறைவன் உதிர்ந்த பிட்டைக் கூலியாக உண்டு, ஆடிப்பாடி, உறங்கியும் விடுகிறான். வந்தியின் பங்கு மட்டும் அடைபடவில்லை. அரசன் பிரம்பால் அடிக்கிறான். அவ்வடி அரசன் மீதும், அரசியர் மீதும், எல்லா உயிர் மீதும் படுகிறது.

"நேற்றைய ஆட்டத்துக்கு இக்கதையில் என்ன விதி உளது?" என்று வினவினோம். வகுப்புச் சிறிது நேரம் பேசாதிருந்தது. பின், மூன்று புள்ளிக் கணக்குச் சொன்ன அதே மாணவன் எழுந்து, "ஒரு ஆள் பட்டினி கிடந்தால் ஆடுகிற எல்லாருக்கும் புள்ளி குறையவேணும்" என்றான்.

அன்றுமுதல் அவர்கள் ஓய்வு நேரங்களில் ஓர் ஆட்டம் ஆக்கி வருகின்றனர். களம் வன்னிக் குளமொன்று. அணை, துருசு, வாய்க்கால், வயல் என்பன இடங்கள். நெல்லே உணவு. ஒவ்வொருவரும் தத்தம் வயலுக்குப் போட்டியிடுவர். ஆனால் அணை எல்லார்க்கும் பொது. அணைக்கு எவரும் ஆள் அனுப்பாவிடின் மாரியில் அஃது உடையும். ஆட்டத்தில் எவரும் வெல்லார். முதன்முறை ஆடியபோது, பிறர் அனுப்புவர் என்றெண்ணி நால்வருமே அணையை மறந்தனர். குளம் உடைந்தது. சிரித்துக்கொண்டே மீண்டும் தொடங்கினர்.

விதிகள் இன்னும் செம்மையுறவில்லை, பலகை பழைய நாட்காட்டி அட்டையால் ஆனது, காய்கள் புளியங்கொட்டை. பொறியியலும் ஓவியமும் அச்சுத்தொழிலும் கற்றுச் சிறந்த பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பர். விழாவுக்கு வரும்போது தமிழ் வகுப்பறைப் பக்கமும் ஒருமுறை வருக. ஆட்டத்தில் அமர ஓர் இடம் வைத்திருக்கிறோம். அணைக்கு ஆள் தேவை.